ஆல்டோ வரிசை

லிப்ட் பழுது பார்க்கும் வேலைக்கு எப்போதும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஒருவர் மொட்டை மாடி மோட்டார் அறையில், இன்னொருவர் கீழே குழியில். எனக்கு ஜோடியாக வாய்த்தவர் ரேடியோ. அது அவர் பெயரல்ல. வாய் ஓயாமல் பேசுகிறவர் என்பதால் கம்பெனியில் வைத்த பட்டம். மேலே நின்று அவர் பேசுவது லிப்ட் ஓடும் அந்த நீளமான குழாய் வழியே இறங்கி ஒவ்வொரு மாடிக் கதவிடுக்கிலும் கசியும். லிப்டுக்காகக் காத்து நிற்கிறவர்கள், கோபமாக வந்தவர்கள்கூட, அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் படியேறிப் போவார்கள். "இந்த ரேடியோவை வீட்டுலயாவது அணைப்பாங்களா?" என்று மேனேஜர் ஒருமுறை கேட்டார். "வீட்டுல வேற ஸ்டேஷன் ஓடுது சார், என்னை யாரும் போடறதே இல்லை" என்றார் இவர்.

அந்த வேறு ஸ்டேஷன் அவர் மனைவி. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஒரு பல் ஆஸ்பத்திரியில் வாசல் மேசையில் உட்காரும் வேலை. குள்ளமான ஆள், நாற்காலியில் உட்கார்ந்தால் மேசைக்கு மேல் முகம் மட்டும்தான் தெரியும். கன்னம் வீங்கி, வலியில் எரிச்சலோடு வருகிறவர்களை வாயாலேயே பாதி குணமாக்கி உள்ளே அனுப்புவார் என்று ரேடியோ பெருமையாகச் சொல்வார். ஒரே மகள். படிப்பு முடிந்து வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில்தான், கடைவாய்ப் பல் பிடுங்க வந்த ஒரு பாட்டுக்காரி அவரைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பாட்டுக்காரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ். எல்லோருக்கும் நர்ஸம்மா. ஊரின் பெரிய பாடகர் குழுவில் பல வருடங்களாகப் பாடுகிறவர். அண்ணி கோப்புகளை அடுக்கியபடி எதையோ முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்கிறது. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, உங்கள் குரல் அடியில் நன்றாக நிற்கிறது, எங்கள் வரிசைக்கு ஆள் வேண்டும், வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்.

அப்படித்தான் அண்ணி ஆல்டோ ஆனார். பெண்களில் கீழ்க்குரலில் பாடுகிறவர்களுக்கு அந்தப் பெயர். சனிக்கிழமை மதியங்களில் ஒத்திகை. அங்கே கையசைத்துப் பாட்டை நடத்துகிறவரை எல்லோரும் கண்டக்டர் என்பார்கள். அண்ணி முதல் வாரம் வந்து, எங்க கண்டக்டர் ரொம்பக் கோபக்காரர் என்று சொன்னபோது, "சில்லறை சரியா கொடுத்துட்டியா?" என்று ரேடியோ கேட்டாராம். அதற்கப்புறம் எந்தச் சனிக்கிழமையும் அந்த ஜோக்கை அவர் விட்டதில்லை. அண்ணியும் முறைக்காமல் இருந்ததில்லை.

அந்த வருடம் குழு எடுத்துக்கொண்டது ரெக்வியம் என்கிற பெரிய பாட்டு. இறந்தவர்களுக்காகப் பாடுவது. பல பகுதிகள், ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும், லத்தீன் மொழி. ஊரின் சிம்பொனி இசைக்குழு முழுதாக உட்கார்ந்து வாசிக்க, நூறு பேருக்கு மேல் நின்று பாட வேண்டும். அண்ணி வீட்டில் வெங்காயம் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் தன் பாகத்தைப் பாடிப் பழகினார். அது மட்டும் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும், பிறகு ஒரு படி இறங்கும், மறுபடியும் நிற்கும். "என்னடி இது, பழுதான லிப்ட் மாதிரி ரெண்டு மாடிக்கு நடுவுலயே நிக்குது" என்று இவர் கேலி செய்தார்.

"மெட்டெல்லாம் மேல்குரல்காரங்களுக்குத்தாங்க. எங்களுக்கு வர்றது இவ்வளவுதான். எல்லாரும் சேர்ந்து பாடறப்ப வந்து கேளுங்க, அப்பத்தான் புரியும்" என்றாராம் அண்ணி.

இதையெல்லாம் ரேடியோ என்னிடம் ஒலிபரப்பாமல் இருப்பாரா? அந்தக் கீழ்க்குரல் வரியே அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. மோட்டார் அறையிலிருந்து அதை அப்படியே அண்ணி மாதிரிப் பாடிக் காட்டுவார். அதில் ஒரு நீளமான வரி, ஒரே மூச்சில் பாட வேண்டியது. அண்ணிக்கு மூச்சு பத்தாது. நடுவில் ஓரிடத்தில் வெடுக்கென்று காற்றை இழுத்துக்கொண்டு தொடர்வார். ரேடியோ அந்த இழுப்பையும் விடாமல் செய்து காட்டுவார். குழிக்குள் கிரீஸ் கையோடு நின்றுகொண்டு நான் சிரிப்பேன். கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த வரி படிந்துவிட்டது. அண்ணியின் முந்தைய நிகழ்ச்சிகள் எதற்கும் அவர் போனதில்லை. ஒன்று, அன்றைக்கென்று அவசர வேலை வரும். இல்லையென்றால் தூக்கம் வரும். இந்தத் தடவை கண்டிப்பாக வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

நிகழ்ச்சிக்குச் சில வாரங்கள் முன்னால், ஒரு சனிக்கிழமை, ஒத்திகை முடிகிற நேரத்தில் நல்ல மழை. அண்ணி குடை எடுத்துக்கொண்டு போகவில்லை. ரேடியோ குடையோடு பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றார். பஸ் வந்தது. யார் யாரோ இறங்கினார்கள், அண்ணி இறங்கவில்லை. பஸ் கிளம்பும்போதுதான் பார்த்தார். ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருக்கிறார். இவர் கையைத் தட்டினார், குடையை ஆட்டினார், கொஞ்ச தூரம் ஓடினார். பஸ் போய்விட்டது. நிறுத்தத்தில் நின்றவர்களைப் பார்த்து, "என் வீட்டுக்காரி தூங்கிக்கிட்டே டிப்போ வரைக்கும் போறா பாருங்க" என்று சொல்லிச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். போன் அடித்தார், எடுக்கவில்லை. அடுத்த பஸ் பிடித்துப் பின்னாலேயே போனார்.

டிப்போவில் அந்த பஸ்ஸைச் சுற்றி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். டிரைவர் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நிறுத்தத்தில் நான் பஸ்ஸை மறித்திருந்தால் என்று ரேடியோ கேட்டிருக்கிறார். அதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவர் அறிந்து சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. ரேடியோ அதை மறுபடி கேட்கவில்லை.

இதை அவர் என்னிடம் சொன்னது ரொம்ப நாள் கழித்து, வண்டியில் போகும்போது, நான் கேட்காமலே. "அந்த அடுத்த பஸ்ல உட்கார்ந்துக்கிட்டு என்ன பண்ணேன் தெரியுமா? அவளைக் கேலி பண்றதுக்கு என்ன சொல்லலாம்னு ஒவ்வொண்ணா யோசிச்சுக்கிட்டே போனேன்பா. ஒண்ணு ரொம்ப நல்லா வந்துது. எனக்கே சிரிப்பு வந்துருச்சு." அது என்ன ஜோக் என்று நான் கேட்கவில்லை.

காரியங்கள் முடிந்து வேலைக்கு வந்தவர் பேசுவதை நிறுத்திவிட்டார். முறைப்பு இல்லை, கோபம் இல்லை. பிரேக்கைப் பிடி, விடு, கரன்ட்டை நிறுத்து, இவ்வளவுதான். மோட்டார் அறை வேண்டாம், குழிக்குள் நான் இறங்குகிறேன் என்று இடம் மாற்றிக்கொண்டார். மேலே நான் தனியாக நின்றுகொண்டு, ஏதாவது சத்தம் வருகிறதா என்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். கம்பெனியில் யாரும் அந்தப் பட்டத்தைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் யாருக்கும் தெரியவில்லை.

நர்ஸம்மா வீட்டுக்கு வந்தார். நிகழ்ச்சியை அண்ணியின் நினைவுக்குச் சமர்ப்பிக்கப் போகிறோம், முன்பக்கத்தில் இரண்டு இடம் வைத்திருக்கிறோம், அவசியம் வர வேண்டும் என்றார். மகள் அப்போது லீவு போட்டு அப்பாவோடு இருந்தாள். நர்ஸம்மா போனதும், வாசல்வரைக்கும் போய்த் திரும்பியவள் அங்கேயே நின்றாள்.

"என்னால முடியாதுப்பா. அம்மா செத்ததுக்குக் கைதட்டற மாதிரி இருக்கும்" என்றாள். "நீங்க போங்க. வந்து கேளுங்கன்னு அம்மா உங்களைத்தானே கூப்பிட்டாங்க. சித்தப்பாவைக் கூட்டிட்டுப் போங்க." சித்தப்பா என்றது என்னை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனோம். இஸ்திரி போட்ட சட்டையில் எங்களுக்கே எங்களை அடையாளம் தெரியவில்லை. அப்படிப்பட்ட அரங்கத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. சுவரெல்லாம் மரம், கூரையிலிருந்து வளைவு வளைவாகப் பலகைகள். மேடையில் நாற்காலிகளும் தாங்கிகளும் நெருக்கமாக. பின்னால் படிக்கட்டு மாதிரி உயர்ந்துபோகும் வரிசைகள். அங்கேதான் பாடுகிறவர்கள் நிற்பார்கள். எதற்காக வருகிறார் என்று வரும் வழியிலேயே ரேடியோ சொல்லியிருந்தார். அவருக்குச் சமர்ப்பணமெல்லாம் பொருட்டில்லை. "அந்த வரி எனக்குத் தெரியும்பா. எந்த இடத்துல அவ இல்லைன்னு நான் கண்டுபிடிச்சுருவேன். அதை மட்டும் கேட்டுட்டு வந்துடறேன்."

வாத்தியக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு பாடகர்கள், எல்லோரும் தலை முதல் கால் வரை கறுப்பு. வரிசை வரிசையாக ஏறிக்கொண்டே இருந்தார்கள். இடப்பக்கம் நடுவில் நர்ஸம்மாவைப் பார்த்தேன். அவருக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். தோளோடு தோள் ஒட்டி நின்றிருந்தார்கள். ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக்கூட எங்கேயும் இடைவெளி இல்லை. ரேடியோவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் மைக்கில் வந்து, இன்றைய நிகழ்ச்சி எங்கள் குழுவின் அன்புத் தோழிக்கு என்று சொல்லி அண்ணியின் பெயரைப் படித்தார். பெயரில் ஓர் எழுத்தைத் தவறாகச் சொன்னார். வேறு யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. அரங்கம் முழுக்க எழுந்து நின்று மௌனமாக இருந்தது. நாங்களும் எழுந்து நின்றோம்.

ஒரு குழல் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, மற்ற வாத்தியங்கள் எல்லாம் அதைத் தேடி வந்து சேர்ந்தன. பிறகு அமைதி. கண்டக்டர் கையைத் தூக்கினார்.

அடியில் பெரிய தந்தி வாத்தியங்கள் மெதுவாக ஆரம்பித்தன. ஏதோ பாரமான சாமானை யாரோ தூரத்தில் இழுத்துக்கொண்டு வருவதுபோல. பிறகு நூறு பேர் வாயைத் திறந்தார்கள். கத்தவில்லை. காதோரம் ரகசியம் சொல்வது போல் அவ்வளவு மெல்ல. நூறு பேர் சேர்ந்து மெல்லப் பாடினால் அது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. காதில் கேட்பதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் தெரிந்தது. மொழி புரியவில்லை, ஆனால் கெஞ்சுகிறார்கள் என்பது புரிந்தது. செத்தவர்களைத் தூங்க விடு என்று கெஞ்சுவதாக அண்ணி முன்பே சொல்லியிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஆண் குரல்கள் ஏறின, எக்காளங்கள் ஏறின, பெரிய முரசு இடிக்க ஆரம்பித்தது. உலகத்தின் கடைசி நாளில் வரும் தீர்ப்பின் பயத்தைப் பாடும் பகுதி அது. இவ்வளவு பெரிய சத்தம் மனிதர்கள் சேர்ந்து செய்வது என்று நம்ப முடியவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எந்தக் காரணமும் இல்லை. அண்ணிக்காகவும் இல்லை, உண்மையைச் சொன்னால். அந்தப் பாட்டு அப்படி இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ரேடியோவைப் பார்த்தேன். அவர் அழவில்லை. பழுதான இயந்திரத்தில் எங்கே இடிக்கிறது என்று கேட்கிற மாதிரி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, புருவம் சுருங்க உட்கார்ந்திருந்தார். நானும் கவனித்துப் பார்த்தேன். ஆல்டோக்களின் வாய் அசைவது தெரிந்தது, குரல் தனியாகக் கேட்கவில்லை. மேல்குரலும் வயலின்களும் எக்காளமும் அதை மூடிக்கொண்டு போயின. சமையலறையில் அவர் அத்தனை நாள் கேட்ட அந்த வரி எங்கேயோ அடியில் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தேடிப் பிடிப்பதற்குள் பாட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. ரேடியோ முன்பக்கமாகக் குனிந்தார். இன்னும் குனிந்தார். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கடைசிக்கு முந்தைய பகுதியில்தான் அது நடந்தது. எல்லா வாத்தியமும் அடங்கிப்போய், ஒரு வயலின் வரிசை மட்டும் லேசாக இழுத்துக்கொண்டிருந்தது. மேல்குரல்காரர்கள் நிறுத்தினார்கள். ஆண்களும் நிறுத்தினார்கள். ஆல்டோக்கள் மட்டும் தனியாகப் பாடினார்கள், அந்த நீளமான வரியை. அதேதான். ஒரே இடத்தில் நின்று, ஒரு படி இறங்கி, மறுபடி நின்று. ரேடியோவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்த இடம் வரப்போகிறது. அண்ணி வெடுக்கென்று காற்றை இழுக்கும் இடம்.

வந்தது. போயிற்று. அவர்கள் மூச்சு வாங்கவில்லை. ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் பிடித்துக்கொள்வார்கள்போல, வரி அறுபடவே இல்லை. வழவழவென்று, ஒரு சிராய்ப்பும் இல்லாமல், கடைசிவரை போய் அடங்கியது. அவ்வளவு அழகாக இருந்தது.

என் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். மிச்சப் பாட்டை அவர் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. கண் திறந்திருந்தது, அவ்வளவுதான். முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. பிறகு மழை பிடித்துக்கொண்ட மாதிரி கைதட்டல். எல்லோரும் எழுந்தார்கள். ரேடியோ உட்கார்ந்தே இருந்தார்.

வெளியே கூடத்தில் நர்ஸம்மா எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் வேர்த்து, கண் சிவந்து, சந்தோஷமும் துக்கமும் கலந்து இருந்தார். ரேடியோவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அண்ணி எங்கேயோ இருந்து கேட்டிருப்பார் என்றார்.

"ஒண்ணு கேக்கட்டுமாம்மா?" என்றார் ரேடியோ. "பாடறப்ப, அவ இல்லைங்கறது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

நர்ஸம்மா சட்டென்று ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவர் வாயைத் திறந்துவிட்டு நிறுத்தினார். பல வருடம் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர், இப்படிக் கேட்கிற ஆளிடம் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது.

"ஏறி நிக்கறப்ப தெரிஞ்சுதுங்க." என்றார். "பாட ஆரம்பிச்சப்புறம் தெரியலைங்க. தெரிஞ்சா பாட முடியாது."

ரேடியோ தலையாட்டினார். நன்றாகப் பாடினீர்கள் என்றார். அதை மனதாரச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பும்போது வண்டியில் சொன்னார். "அவ சொன்னது சரிதான்பா. எல்லாரும் சேர்ந்தா பாட்டாயிடுது." ஒரு சிக்னலில் நின்றோம். "அவ இல்லாமயும் ஆயிடுது. கொஞ்சம்கூடக் குறையலை. நீயும் கேட்டியே. எங்கயாவது குறைஞ்சுதா?"

பச்சை விளக்கு விழுந்தது, வண்டியை எடுத்தேன்.

வீட்டில் மகள் சாப்பிடாமல் காத்திருந்தாள். எப்படி இருந்தது என்று அவள் கேட்கவில்லை. நான் கேட்டதையெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது. அந்த முரசு, அந்த மெல்லிய ஆரம்பம், நூறு பேரும் ஒரே சமயத்தில் நிறுத்தியபோது வந்த அமைதி. இறந்துபோனவரின் வீட்டில் நின்றுகொண்டு அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. மறுநாள் அவள் ஊருக்குப் போய்விட்டாள். அப்பாவையும் கூட வரச் சொல்லி மன்றாடிப் பார்த்தாள். அவர் அசையவில்லை.

பிறகு ஒரு நாள் நர்ஸம்மாவிடமிருந்து போன் வந்தது. மென்று விழுங்கிப் பேசினார். அண்ணியிடம் இருக்கிற கறுப்பு அங்கி குழுவுக்குச் சொந்தமானது, புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், கேட்கவே சங்கடமாக இருக்கிறது என்றார். இதிலென்ன சங்கடம், கொடுத்துவிடுகிறேன் என்றார் ரேடியோ. போனை வைக்கும் முன், அந்தப் பெண் உயரமா என்று கேட்டார். ஆமாம், நல்ல உயரம் என்று பதில் வந்தது.

அன்று நான் அவர் வீட்டில் இருந்தேன். அலமாரியிலிருந்து அங்கியை எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணி குள்ளம் என்பதால் கீழே ஒரு சாண் அளவுக்கு உள்ளே மடித்துத் தானே தைத்திருந்தார். பொடித் தையல், கறுப்பில் கறுப்பு நூல், கண்ணுக்கே தெரியவில்லை. ரேடியோ ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். நான் உதவட்டுமா என்றேன், வேண்டாம் என்றார். பிரித்த நூல்துண்டுகளைத் தரையில் போடாமல் முழங்கால்மேல் சேர்த்துக்கொண்டே வந்தார். முழுவதும் பிரித்து முடித்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. இஸ்திரி போட்டார். மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு நின்றது. தண்ணீர் தெளித்துத் தேய்த்தார், திருப்பிப் போட்டுத் தேய்த்தார். கோடு போகவில்லை. பெட்டி வேலை செய்கிறதா என்று என்னிடம் கேட்டார். செய்கிறது என்றேன். மறுபடியும் தேய்த்தார். துணி கருகிவிடும் என்று நான் பிளக்கைப் பிடுங்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு அவர் வேலைக்கு வந்தது கொஞ்ச காலம்தான். முழங்கால் வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டார். எனக்கு வேறு ஜோடி போட்டார்கள். நல்ல மனிதர்தான். மகள் அடிக்கடி எனக்குப் போன் செய்து, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் சித்தப்பா என்பாள். போவேன். கதவு சாத்தியிருக்காது. போன வாரம் போனபோது மத்தியானச் சாப்பாடு தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. நேரம் நாலைத் தாண்டியிருந்தது. சூடு பண்ணித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, நான் கேட்டதால்தான் ஞாபகம் வந்ததுபோல, தட்டை இழுத்து வைத்துக்கொண்டு ஆறிப்போனதைச் சாப்பிட ஆரம்பித்தார். அவர் முடிக்கும்வரை நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.